டேப் போட்ட துளையில் தங்கிப்போகும் சீவல்: 28 துளைகளின் பதிவு

25 மி.மீ. தடிமனுள்ள ஓர் அலுமினியத் தகடு. அதில் 24 துளைகள். எல்லாம் எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கானவை), எல்லாம் அடி மூடியவை. அந்தத் தகடு உட்காரும் வார்ப்பிரும்பு அடித்தளத்தில் நான்கு எம்8 துளைகள். இவை மறுபக்கம் திறந்தவை. டேப் (துளைச் சுவரில் போல்ட்டுக்கான திருகு மரையை வெட்டும் கருவி) போட்டாயிற்று, காற்றடித்தாயிற்று, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாத் துளையும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் புதுப் போல்ட் ஒன்றை விரலால் முறுக்கிப் பார்த்தபோது ஏழு துளைகளில் 13 சுற்றுக்கு மேல் இறங்கவில்லை. எம்6 மரைக்குப் புரிநீளம் 1 மி.மீ., அதனால் ஒரு சுற்றுக்குப் போல்ட் 1 மி.மீ. இறங்கும். 15 சுற்று போக வேண்டிய இடத்தில் 13 என்றால், அடியில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. நின்றது சீவல்தான், வெட்டும்போது உதிரும் உலோகத் துணுக்கு.

இந்தச் சீவலோடு அப்படியே போல்ட்டை முடுக்கியிருந்தால் டார்க் ரிஞ்ச் (குறித்த டார்க், அதாவது முறுக்கு விசை, வந்ததும் ஒலிக்கும் சாவி) கிளிக் என்று சத்தம் கொடுத்திருக்கும். தகடு மட்டும் இறுகியிருக்காது. முடுக்கிய விசை சீவலை அமுக்குவதில் போயிருக்கும். நாலு நாள் அதிர்வில் சீவல் இன்னும் கொஞ்சம் அமுங்க, போல்ட் தளர்ந்துவிடும். அதனால் 24 துளைகளையும் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. வேலை நடந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறது, தவறான வழிகளையும் சேர்த்து.

துளையிட்ட அளவுகள்

எம்6-க்கு 5.0 மி.மீ. டிரில் பிட். எம்8-க்கு 6.8 மி.மீ. அடி மூடிய துளைகளின் ஆழம் 20 மி.மீ.; இது துளை முழு விட்டத்தில் இருக்கும் பகுதி மட்டும். 118 டிகிரி முனையுள்ள பிட் அதற்குக் கீழே விட்டத்தில் ஏறக்குறைய 0.3 மடங்கு கூம்பாக இறங்கும். 5 மி.மீ. பிட்டுக்கு அது 1.5 மி.மீ. ஆக மொத்தம் 21.5 மி.மீ. இறங்கி, தகட்டின் அடியில் 3.5 மி.மீ. மிஞ்சுகிறது. தேவையான முழு மரை 15 மி.மீ.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடும். எம்6 மரை வெட்டும்போது ஒவ்வொரு மி.மீ. ஆழத்துக்கும் சுமார் 3.5 கன மி.மீ. உலோகம் வெளியேறுகிறது. 15 மி.மீ.க்கு 50 கன மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. மரைக்குக் கீழே மிஞ்சியிருக்கும் 5 மி.மீ. குழியின் கொள்ளளவு சுமார் 100 கன மி.மீ. தாராளமாக இடம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த 50 என்பது திடமான உலோகத்தின் அளவு. சீவல் சுருண்டு கிடக்கும்போது பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். மூன்று மடங்கு என்று வைத்தாலே குழி நிரம்பி வழிந்துவிடும். நேர்ப் பள்ளமுள்ள கை டேப் கொஞ்சம் சீவலைத் தன் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும், மீதியை அடியில் தள்ளும். அடியில் இடம் தீர்ந்ததும் டேப் அந்தச் சீவலையே மிதித்து இறுக்கும். அந்த நிலையில் பலம் கொடுத்துத் திருப்பினால் டேப் உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும். அலுமினியத்துக்குள் உடைந்த எம்6 டேப்பை எடுப்பது என்பது தகட்டையே இழக்கும் அளவுக்குப் போகக்கூடிய வேலை.

தவறு தொடங்கிய இடம்

துளையிட்டவுடன் நேராக டேப் எடுத்ததுதான் முதல் தவறு. டிரில் விட்டுப்போன சீவல் துளையின் அடியில் ஏற்கெனவே கிடந்தது. அதன் மேலேயே டேப் இறங்கியதால் டேப் வெட்டிய சீவல் அதன் மேல் உட்கார்ந்தது. டிரில் சீவல் தடித்தது, விறைப்பானது. அலுமினியத்தில் அது நீளச் சுருளாக வந்து, அறுந்த கடைசித் துண்டு மட்டும் உள்ளே தங்கும். ஒவ்வொரு துளையிலும் அப்படி ஒரு துண்டாவது இருந்தது.

இரண்டாவது தவறு காற்று. கம்ப்ரஸரில் இணைத்த ஏர் கன்னின் ரப்பர் முனையைத் துளை வாயில் அழுத்தி ஊதியதில், வாய் முழுவதும் மூடிக்கொண்டது. உள்ளே போன காற்றுக்குத் திரும்பி வர வழியில்லை. சீவல் வெளியே வருவதற்குப் பதிலாக அடியிலேயே படிந்தது, சில மரையின் இடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டது. முனையை எடுத்த நொடியில் எண்ணெயும் சீவலும் கலந்து முகத்தை நோக்கிப் பீய்ச்சியது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தது கண். அடி மூடிய துளையில் ஊதுகிறவர் முகத்துக்குத்தான் எல்லாம் திரும்பி வரும், வேறு வழியே கிடையாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதியில் சுத்தம் செய்யும் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ.-க்குக் (2 பாருக்குச் சற்று மேல்) கீழே இருக்க வேண்டும், சீவல் தெறிக்காமல் தடுப்பும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் திறந்துவிட்டு ஊதுவது சுத்தம் செய்வதே ஆகாது.

வேலை செய்த முறை

முதலில் தகட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு மரக்கட்டைகள் மேல் வைத்து, பின்பக்கத்தில் ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு துளைக்கும் நேராக நாலைந்து தட்டு. கீழே வெள்ளைத் தாள் விரித்திருந்தது. எண்ணெயில் ஒட்டாத சீவல் எல்லாம் இதிலேயே விழுந்துவிட்டது. எடை குறைந்த தகடாக இருந்தால் இதைவிட எளிதான முதல் படி கிடையாது. காசு செலவில்லை, உள்ளே எதையும் தள்ளுவதும் இல்லை.

விழாமல் நின்றது எண்ணெயில் ஊறி மரையோடு ஒட்டிக்கிடந்த சீவல். அதற்கு 10 மி.லி. சிரிஞ்ச், அதன் நுனியில் கூர் இல்லாத, 2 மி.மீ. வெளிவிட்டமுள்ள மெல்லிய குழாய், மண்ணெண்ணெய். இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: குழாயின் நுனி துளையின் அடியைத் தொட்ட பிறகே சிரிஞ்சை அழுத்த வேண்டும். அப்போது திரவம் அடியிலிருந்து எழும்பி, சீவலைத் தூக்கிக்கொண்டு, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மேலே வரும். மேலிருந்து ஊற்றினால் சீவல் அடியில் இன்னும் நன்றாகப் படியும், அவ்வளவுதான். துளையின் கொள்ளளவு அரை மி.லி.கூட இல்லை, ஒரு துளைக்கு 5 மி.லி. என்றால் பத்து மடங்கு அலசல். தகட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததில் வழிந்தது எல்லாம் ஒரு பக்கமாகத் தட்டில் இறங்கியது. 24 துளைகளுக்கு 120 மி.லி.; அதைத் துணியில் வடிகட்டி மறுசுற்றுக்கும் பயன்படுத்தியாயிற்று. துணியில் தங்கிய சீவலைப் பார்த்தால் எந்தத் துளையில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் பொருள்; கிரைண்டர் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். நனைந்த துணியைக் குவித்துப் போடவும் வேண்டாம்.

அடுத்தது பிரஷ். முறுக்குக் கம்பியில் நைலான் முடி சுற்றிய உருளை பிரஷ், மரையின் வெளிவிட்டத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரியது, எம்6-க்கு 7 அல்லது 8 மி.மீ. சரியாக இருந்தது. சம அளவு பிரஷ் மரையின் மேட்டை மட்டும் தடவிவிட்டு வரும், பள்ளத்துக்குள் முடி போகாது. நேராகக் குத்தி இழுப்பதும் வீண். போல்ட் முறுக்கும் திசையிலேயே திருப்பிக்கொண்டே உள்ளே விட வேண்டும், அதே திசையில் திருப்பிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். திசை மாற்றினால் முடி மடிந்து, சீவல் பிரஷிலிருந்து உதிர்ந்து மறுபடியும் உள்ளே விழும். ஒவ்வொரு துளைக்கும் பிறகு பிரஷை மண்ணெண்ணெயில் உதறாவிட்டால் முதல் துளையின் சீவலை இரண்டாவதில் கொண்டுபோய் விட்டுவிடும். எஃகுக் கம்பி பிரஷ் இங்கே வேண்டாம். கம்பி முறிந்து உள்ளே நின்றால் அலுமினிய மரையில் குத்திக்கொள்ளும். மேலே எஃகுப் போல்ட் ஏறும்போது மரையையே உழுதுவிடும்.

பிரஷ் முடிந்ததும் மறுபடி சிரிஞ்சில் ஓர் அலசல். பிறகுதான் காற்று. இந்த முறை ஏர் கன்னின் முனையில் 3 மி.மீ. வெளிவிட்டமுள்ள மெல்லிய குழாய். 5 மி.மீ. துளையில் அதைச் சுற்றி ஒரு மி.மீ. இடைவெளி எல்லாப் பக்கமும் இருக்கும், காற்று அதன் வழியே திரும்பி வரும். குழாயை அடிவரை விட்டு, துளை வாயைச் சுற்றி ஒரு துணியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் சின்னச் சின்னதாக மூன்று ஊதல். தெறிப்பது எல்லாம் துணியில் ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் வாக்குவம் கிளீனரின் வாயில் ஒரு மெல்லிய ஸ்ட்ராவை ஒட்டுநாடா சுற்றி ஒட்டி உறிஞ்சலாம். தெறிப்பு இல்லாத வழி அதுதான். ஆனால் எண்ணெய், மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது வாக்குவத்தைக் கொண்டுபோகக் கூடாது. உலர்ந்த சீவலுக்கு மட்டும்.

கடைசியாக டிஷ்யூ தாளைக் கூர்மையாக முறுக்கி, போல்ட் மாதிரித் திருகி உள்ளே விட்டு, அதே திசையில் திருகிக்கொண்டே எடுத்தல். வெள்ளைத் தாளில் பளபளப்பு ஒட்டியிருந்தால் மறுபடி சிரிஞ்ச். 24-இல் ஐந்து துளைகளுக்கு இரண்டாம் சுற்று தேவைப்பட்டது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்து முயன்றதில் மரையின் ஓரத்தில் பஞ்சு இழை சிக்கி, அதை எடுக்கத் தனி வேலை ஆனது.

சுத்தமா என்று பார்ப்பது

கண்ணை இதில் நம்ப முடியாது. மரையின் பக்கச் சரிவும் சீவலும் ஒரே மாதிரிப் பளபளக்கும். இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று, வெர்னியரின் ஆழக்கம்பி. துளையிட்டதும் ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் குறித்து வைத்து, சுத்தம் செய்த பிறகு மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும். குறித்து வைக்காததால் முதல் சுற்றில் இந்தச் சோதனையே செய்ய முடியவில்லை. அப்புறம் சுத்தமான ஒரு துளையை அளவுகோலாக வைக்க வேண்டியதாயிற்று. கம்பியின் நுனி நடுக்கூம்பில் படுகிறதா ஓரத்தில் படுகிறதா என்பதைப் பொறுத்து 1 மி.மீ. வரை மாறும், அதனால் நடுவிலேயே பிடித்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, போல்ட்டின் சுற்று எண்ணிக்கை. எண்ணெய் துடைத்த புதுப் போல்ட், வெறும் விரல். தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ண எளிது. எண்ணிக்கையைப் போலவே விரலில் படும் உணர்வும் முக்கியம். மரை முடிந்து நின்றால் சட்டென்று கட்டையில் இடித்த மாதிரி நிற்கும். சீவலில் நின்றால் மெத்து மெத்தென்று நிற்கும். கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் இன்னும் கால் சுற்று போய், விட்டதும் சற்றுப் பின்வாங்கும். போகும் வழியெல்லாம் நறநறவென்று இருந்தால் அடியில் சுத்தம், மரைக்குள்தான் சீவல். இந்த மூன்றும் விரலுக்குப் பழகிவிட்டால் வெர்னியரே தேவைப்படாது. நறநறப்பு வந்தால் பலம் கொடுத்து உள்ளே ஓட்டக் கூடாது. திருப்பி எடுத்து, போல்ட்டைத் துடைத்துவிட்டு, துளையை அலச வேண்டும்.

நறநறத்த மூன்று துளைகளுக்கு ஒரு சுத்தப் போல்ட் செய்தாயிற்று. 8.8 வலிமைத் தர எம்6 போல்ட், 30 மி.மீ. நீளம். முதலில் அதில் ஒரு நட்டைத் தலைவரை ஏற்றி, நுனியிலிருந்து 20 மி.மீ. நீளத்துக்கு எதிரெதிர் பக்கங்களில் ஹாக்சா பிளேடால் மரையின் அடியைத் தாண்டும் ஆழத்துக்கு இரண்டு பள்ளம். நுனியை அரத்தால் கொஞ்சம் கூம்பாக்கி, பிறகு அந்த நட்டைக் கழற்றி எடுத்தால் அறுத்த இடத்துப் பிசிறை அதுவே சீவிக்கொண்டு போய்விடும். இதை ஒரு சொட்டு எண்ணெயோடு உள்ளே திருகினால் மரைக்குள் கிடக்கும் சீவல் பள்ளத்தில் சேர்ந்து வெளியே வரும். டேப்பையே மறுபடி விட்டாலும் சீவல் வரும்தான். ஆனால் கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலும் டேப் புது உலோகத்தை வெட்டும், மரை தளர்ந்துபோகும். சுத்தம் செய்ய வெட்டுக்கருவி எதற்கு?

வார்ப்பிரும்பு வேறு மாதிரி

அடித்தளத்தின் நான்கு எம்8 துளைகள் மறுபக்கம் திறந்தவை என்பதால் பாதிக் கவலை இல்லை. ஆனாலும் இங்கே வேறொரு தவறு நடந்தது. அலுமினியத்துக்குப் பயன்படுத்திய அதே பழக்கத்தில் எண்ணெய் விட்டு டேப் போட்டதில், வார்ப்பிரும்பின் தூள் எண்ணெயோடு கலந்து கறுப்புப் பசையாக மரையில் அப்பிக்கொண்டது. வார்ப்பிரும்பில் சுருள் வராது, தூள்தான் வரும். அதில் உள்ள கிராஃபைட்டே வழுக்கலுக்குப் போதும். காய்ந்தபடியே டேப் போட்டிருந்தால் நைலான் பிரஷை ஒரு முறை விட்டு வாக்குவத்தால் உறிஞ்சி முடித்திருக்கலாம். பசையானதால் மண்ணெண்ணெய், பிரஷ், மறுபடி மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று. காற்றடித்தால் தூள் மூக்குக்கும் பக்கத்து இயந்திரத்தின் வழுக்குப் பாதைக்கும் போகும், உறிஞ்சுவதே நல்லது.

இரும்பு, எஃகுச் சீவலுக்குக் காந்தம் கைகொடுக்கும். மெல்லிய கம்பி வடிவக் காந்தம் எம்8 துளைக்குள் போகும். ஆனால் அது மரையின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு அடிவரை இறங்க மறுக்கும். ஒரு ஸ்ட்ராவுக்குள் வைத்து இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை, சீவலும் ஸ்ட்ராவின் மேல்தான் ஒட்டும், உருவி உதறிவிடலாம். அலுமினியம், பித்தளைக்குக் காந்தம் பயன்படாது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கும் நம்ப முடியாது. டேப்போ டிரில்லோ காந்தமேறியிருந்தால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே போய் வரும். ஒரு குண்டூசியை ஒட்டிப் பார்த்தால் தெரியும். பித்தளைச் சீவல் ஊசி மாதிரி இருக்கும், விரலால் தடவவே வேண்டாம்.

திரவம் உள்ளே தங்கினால்

சீவலுக்கு அடுத்து கவனிக்க வேண்டியது மிஞ்சிய மண்ணெண்ணெய். அடி மூடிய துளையில் திரவம் நின்றால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை. திரவம் அமுங்காது. போல்ட் இறுகியது போல நிற்கும், அல்லது வார்ப்படம் மெல்லியதாக இருந்தால் துளையின் சுவரே விரிசல் விடும். இன்ஜின் பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகளை உலர்த்தாமல் முடுக்கி விரிசல் வந்த கதை இதனால்தான். மரையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகம் இழுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. உலர் மரைக்குக் கொடுத்த டார்க் அளவை எண்ணெய் மரையில் போட்டால் எம்6 அலுமினிய மரை பிய்ந்து வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்தத் தகட்டில் மரைப் பசை (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட வேண்டியிருந்ததால் எண்ணெய் சுத்தமாகப் போயாக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிரிஞ்சில் 2 மி.லி., அதே அடியிலிருந்து மேலே முறையில். காற்றின் ஓர் ஊதல். பத்து நிமிடம் காய விடுதல். வார்ப்பிரும்புத் துளைகளுக்கு நேர் எதிர்: எண்ணெய் போன இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியை ஒரு முறை திருகி எடுத்தாயிற்று.

அடுத்த முறை மாற்றப்போவது

துளையிட்டதும் கவுண்டர்சிங்க்கால் (வாயைச் சரிவாக விரிக்கும் கூம்புப் பிட்) வாயை 6.5 மி.மீ. அளவுக்கு விரித்துவிட்டு, அந்தச் சீவலோடு சேர்த்து எல்லாவற்றையும் அலசிய பிறகே டேப். டேப் போட்ட பிறகு வாயை விரித்தால் முதல் மரையின் பிசிறு உள்ளே மடியும். இந்த முறை நாலு துளைகளில் மடிந்தது.

அடி மூடிய துளைக்கு நேர்ப் பள்ள டேப்புக்குப் பதில் சுருள் பள்ள டேப். அது சீவலை மேலே இழுத்து வெளியே விடும். முனை சாய்வாக வெட்டப்பட்ட கன் டேப் சீவலை முன்னால் தள்ளும். மறுபக்கம் திறந்த துளைக்கு மட்டும்தான் அது. நேர்ப் பள்ள டேப்தான் கையில் இருக்கிறது என்றால் அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று சீவலை முறித்துக்கொண்டே போய், 6 மி.மீ. இறங்கியதும் ஒருமுறை, 12-இல் ஒருமுறை டேப்பை முழுதாக வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டு போட்டால் சீவல் அதிலேயே ஒட்டி வெளியே வரும். மூடிய கியர்பாக்ஸ், இன்ஜின் போல உள்ளே எதுவும் விழவே கூடாத இடத்தில் இந்த வழி நல்லது. கடைசி நாலு துளைகளை இப்படித்தான் போட்டது, அவற்றில் ஒன்றிலும் போல்ட் நிற்கவில்லை.

ஆழத்துக்கு இடமிருந்தால் 20-க்குப் பதில் 22 மி.மீ. தகடு 25 என்பதால் கூம்போடு சேர்த்து 1.5 மி.மீ. மட்டுமே மிஞ்சும், அதனால் இந்தத் தகட்டில் முடியாது, 30 மி.மீ. தகடாக இருந்தால் முடியும்.

சுத்தம் செய்ய மட்டும் ஒரு துளைக்கு இரண்டரை நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம் ஆனது. முடித்த துளைகளைத் திறந்தபடி விட்டால் பக்கத்தில் அரம் தேய்க்கும் தூள் மறுபடி உள்ளே போகும். பூட்டும் வரைக்கும் 24 துளைகளிலும் எம்6 பிளாஸ்டிக் திருகு ஒவ்வொன்று, விரலால் இரண்டு சுற்று.